வைத்துச் செல்லும் அறம்

கடலூரிலிருந்தும் நாகையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கடலில்லாத இந்நகருக்குப் பிழைக்க வந்தவர்கள் நம்முள் பலர். வந்த புதிதில் ஐதராபாத்தில் பெருங்குறையாகத் தோன்றியது யாது என வினவினால், சிலர் மொழி என்பர்; சிலர் உணவு என்பர். மாலை வேளையில் கால்கள் தாமாகவே நாடிச் செல்ல ஒரு கடற்கரை இல்லாமையே பெருங்குறை என்பாரும் உளர். அக்குறையை ஒருவாறு தீர்த்துவைத்தது உசேன் சாகர். ‘சாகர்’ என்பதற்குக் கடல் என்றே பொருள். ஏரிக்குக் கடலெனப் பெயரிட்ட பெருமக்கள், நெய்தல் நிலத்தார் சிலர் பின்னாளில் இங்கு வந்து கரை தேடி அலைவர் என எண்ணியிருக்க மாட்டார்கள். எனினும், டாங்க் பண்டின் சுவரோரம் நின்று நீரைத் தழுவிவரும் காற்றை முகத்தில் ஏற்கும்போதெல்லாம், அவர்கள் நமக்காகவே இதை வைத்துச் சென்றார்களோ என்று தோன்றுவதுண்டு.

இவ்வெண்ணம் ஒரு வினாவாக நம் உள்ளத்தில் ஊன்றியது ஒரு குழந்தையின் விளையாட்டால். தான் ஒருபோதும் காணப்போகாத ஒருவனுக்காக ஏதேனும் ஒன்றை வைத்துச் செல்லும் கடமை மனிதனுக்கு உண்டா? உண்டெனில், எதை வைப்பது? எவ்வாறு வைப்பது? இவை எளிய வினாக்கள் போலத் தோன்றும். ஆயின், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நம் போன்றார்க்கு இவற்றைவிட நெருங்கிய வினாக்கள் வேறில்லை என்பதைச் சற்றே விரித்துரைக்க விழைகின்றோம்.

கரைவழி ஒரு நடை

சில ஆண்டுகளுக்கு முன் சிங்கப்பூரில் வாழும் மகள் இல்லத்திற்கு நாமும் நம் இல்லத்தரசியாரும் சென்றிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பத்து வயது நிரம்பிய பேத்தி வந்து, “தாத்தா, பாட்டி, கிளம்புங்க. புதையல் எடுக்கப் போகலாம்” என்றாள். புதையல் என்றவுடன் வியப்புற்றோம். ‘வாருங்கள், தெரியும்’ என்பதே அவள் மறுமொழி.

லாப்ரடார் பூங்கா இரயில் நிலையத்தில் இறங்கி, பெர்லேயர் ஓடையை ஒட்டிய மரப்பலகைப் பாதையில் நடந்தோம். ஓடையின் சேற்றில் அலையாத்தி மரங்கள் வேர்களை ஊன்றி நின்றன. பிச்சாவரத்தைப் படகிலிருந்து கண்டவர்க்கு அக்காட்சி புதிதன்று. அயல்நாட்டில் ஓர் உறவினரைக் கண்டது போன்ற மகிழ்ச்சியே எழுந்தது. ஓடை முடியும் இடத்தில் கடல் விரிந்தது. எதிரே செந்தோசாத் தீவு. இடையில் கப்பல்கள் ஊர்ந்து செல்லும் நீர்வழி. மாலை வெயில் நீரில் பட்டுச் சிதறியது. நடை நீண்டதன்று, முதியோர் கால்களுக்கும் அரைமணி நேரமே பிடித்தது. ஆயினும், கண்டு நின்ற நேரத்தையும் கணக்கிட்டால் அது ஒரு முழு மாலையாயிற்று.

அக்கரையில் ஒரு கற்றூண் நிற்கிறது. பழங்காலச் சீன மாலுமிகள் டிராகன் பல் வாயில் எனப் பெயரிட்டு அடையாளம் கொண்ட பாறை அப்பகுதியில் இருந்தது. துறைமுகத்தின் வாயிலை அகலமாக்கும் பொருட்டு ஆங்கில ஆட்சியினர் 1848இல் அதனை வெடிவைத்துத் தகர்த்தனர். அதன் நினைவாக 2005ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மாதிரியே இன்று அங்கு நிற்பது. பின்வரும் கலங்களுக்கு வழிகாட்டிய ஒரு கல்லை நாம் இழந்தபின்னரே அதன் அருமையை உணர்ந்து, அதற்குச் சிலை எடுக்கின்றோம்.

பேத்தியின் கையிலிருந்த கைப்பேசியில் ஓர் அம்புக்குறி தெரிந்தது. அதன் கீழே எண்கள் குறைந்துகொண்டே வந்தன. நாற்பது மீட்டர், இருபது மீட்டர், எட்டு மீட்டர். அதற்கப்பால் கருவி கைவிட்டுவிடும். கண்ணும் கையுமே துணை. குனிந்தும் நிமிர்ந்தும் கால்மணி நேரம் தேடியபின், மிளகாய்ப்பொடி வைக்கும் சம்படத்தின் அளவேயான ஒரு பெட்டி அகப்பட்டது. அது எவ்விடத்தில் இருந்தது என்பதை இங்கு எழுதுதல் முறையன்று. இனித் தேட வருவாரின் இன்பத்தை நாம் கெடுத்தல் ஆகாது.

பெட்டிக்குள் இருந்தவை: ஒரு சிப்பி, ஒரு சிறு பொம்மைக் கார், ஏதோ ஒரு நாட்டின் நாணயம், ஒரு துண்டுப் பென்சில், ஒரு குறிப்பேடு. குறிப்பேட்டில் பல மொழி எழுத்துகளில் பல பெயர்கள். சிப்பியின்மீது பேத்திக்கு ஆசை. “எடுத்துக்கொள்ளலாம் தாத்தா. ஆனால் எடுத்தால் அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும்” என்றாள்.

நாம் சட்டைப்பையைத் துழாவினோம். ஒரு பேனாவும் ஓர் ஒற்றை ரூபாய் நாணயமும் இருந்தன. பேனா நல்ல பேனா, நெடுநாள் உடனிருந்தது. நாணயமோ அந்நாட்டில் செல்லாதது. நம் கை எதைத் தேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும், நாணயத்தையே நீட்டினோம். பேத்தி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதை உங்களுக்கு வேண்டாம் என்றுதானே கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டாள். நம்மிடம் விடையில்லை. அதற்குள் பாட்டியார், அவளுக்கென்றே லாட் பஜாரில் வாங்கி வந்திருந்த அரக்கு வளையல்களுள் ஒன்றைக் கைப்பையிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார். சார்மினாரின் நிழலில் உருவான வளையல் ஒன்று அயல்நாட்டுக் கடற்கரையில், முகமறியாத யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கத் தொடங்கியது.

இருவகை ஒளிப்பு

இவ்விளையாட்டுக்கு ‘ஜியோகேச்சிங்’ என்று பெயர். இதன் பிறப்பு சுவையானது. விண்கோள்களின் வழியே இடமறியும் அமெரிக்க ஏற்பாட்டில், பொதுமக்களுக்குக் கிட்டிய குறிப்பு 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை வேண்டுமென்றே பிழைபடுத்தப்பட்டு வந்தது. படையினர்க்குத் துல்லியம், ஏனையோர்க்கு நூறு மீட்டர் வரை தடுமாற்றம் என்பதே நிலை. அத்தடை நீங்கிய மறுநாள், அதாவது மே 3ஆம் நாள், டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகருக்கு அண்மையில் ஒரு வாளியில் சில பொருள்களை இட்டு, ஒரு குறிப்பேட்டையும் வைத்து மறைத்தார்; அவ்விடத்தின் எண்களை உலகுக்கு அறிவித்தார். மூன்று நாளுக்குள் இருவர் அதனைக் கண்டெடுத்தனர். இன்று உலகெங்கும் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இவ்வாறு மறைந்திருக்கின்றன.

கருவி புதிது, கருத்து பழையது. இங்கிலாந்தின் டார்ட்மூர்ப் பகுதியில் 1854இல் ஜேம்ஸ் பெரட் என்னும் வழிகாட்டி, எளிதிற் சென்றடைய இயலாத கிரான்மியர் என்னும் இடத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அங்குச் சென்று சேர்ந்தவர் தம் பெயர்ச்சீட்டை அதில் இட்டு வந்தனர். ‘நானும் இவ்வழியே வந்தேன்’ என்று பின்வருவார்க்குச் சொல்ல விழைவது மனிதனின் இயல்பு போலும்.

நம் நாட்டில் ஒளித்துவைத்தல் என்றால் நினைவுக்கு வருவது புதையலே. புதையலை வைத்தவன் பிறர் காணாதிருக்க வைத்தான். மீண்டும் தானே வந்து எடுத்துக்கொள்வேன் என்றெண்ணி வைத்தான். கொங்கு நாட்டு மண்ணில் பானை பானையாகக் கிடைத்த உரோமானிய நாணயங்களைக் காணும்போது, அவற்றைப் புதைத்துவிட்டுத் திரும்பி வர இயலாமற்போன கைகளின் துயரமும் உடன் தோன்றுகிறது. மண்ணுள் மறைந்த பொருள் யாருக்கு உரியது என்பதற்காக 1878ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் செய்தனர். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டவன் மாவட்ட ஆட்சியர்க்கு அறிவிக்க வேண்டும். மறைப்பின் தண்டனை உண்டு. புதையல் இருக்கும் இடத்தில் வழக்கும் ஐயமும் காவலும் உடனிருக்கும் என்பதற்கு அச்சட்டமே சான்று.

நம் ஏரியை அடுத்த நௌபத் பகாட் குன்றின் சரிவில், பழைய செல்வம் புதைந்துள்ளது என்ற பேச்சை ஒட்டி 2012ஆம் ஆண்டில் அரசின் தொல்லியல் துறையினரே தோண்டிப் பார்த்ததை நம்மில் பலர் நினைவில் வைத்திருப்பர். நகரமே ஆவலுடன் நோக்கியது. புதையல் கிட்டவில்லை.

அந்தக் கடற்கரைச் சம்படம் இதற்கு நேர்மாறானது. பிறர் காண வேண்டும் என்பதற்காகவே அதனை மறைத்தனர். வைத்தவர் திரும்பி எடுக்கப்போவதில்லை. புதையலில் ஒளித்தவனின் அச்சம் இருக்கிறது. பெட்டியில் ஒளித்தவனின் எதிர்பார்ப்பு இருக்கிறது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது, காவலர் எவரும் அருகில் இல்லாமையே.

ஈடு எது?

காண்பார் எவரும் இல்லாதபோது மனிதன் எவ்வாறு நடப்பான் என்பது பழைய கேள்வி. கிரேக்க ஞானி பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் கைஜீஸ் என்னும் இடையனின் கதை வருகிறது. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்குப் புலப்படாமற் செய்யும் மோதிரம் அவனுக்குக் கிடைக்கிறது. அதன் துணையால் அவன் அரசனைக் கொன்று அரசையே கவர்கின்றான். அம்மோதிரம் கிட்டினால் நல்லவன் என்பான் எவனும் நல்லவனாக இருப்பானோ என்பது அங்கு எழுப்பப்படும் ஐயம்.

வள்ளுவர் வெஃகாமையை இல்லறத்தார்க்கும் கள்ளாமையைத் துறவறத்தார்க்கும் உரிய பகுதிகளில் வைத்தார். பிறர் பொருளைக் கவராமை ஒருபுறமிருக்க, கவர எண்ணுதலும் தீது என்பது அவர் கருத்து. ஆதலின் நம் மரபு வினாவை வெளியிலிருந்து உள்ளத்துக்குக் கொண்டு சென்றது. பிறர் காண்கிறாரா என்பதைவிட, என் நெஞ்சு எதை நாடுகிறது என்பதே அங்கு ஆராயப்பட்டது.

அக்கடற்கரையில் நாம் திருடவில்லை. விதியை மீறவுமில்லை. சிப்பிக்கு ஒரு நாணயம், கணக்குச் சரி. அங்காடியில் வைத்து நிறுத்தால் சிப்பியைவிட நாணயம் தாழ்ந்ததென எவரும் சொல்லார். எனினும் குழந்தையின் ஒரு வினா நம்மைச் சிறுமைப்படுத்தியது. ஈடு என்பதனை விலையால் அளப்பதா, விட்டுக்கொடுக்கும்போது நெஞ்சில் எழும் தயக்கத்தால் அளப்பதா? வேண்டாததைக் கொடுப்பது கழிப்பதாகும். நமக்கு வேண்டியதொன்றைப் பிறர்க்கும் வேண்டியிருக்கும் என்று எண்ணி வைப்பதே கொடை. விழாநாளில் பழந்துணிகளை மூட்டையாகக் கட்டி அனுப்பிவிட்டு மனநிறைவு கொள்ளும் நாம் அனைவரும் இவ்வினாவுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர்களே.

ஏரிக்கரையில் எழுந்த வினா

அடுத்து வந்த டிசம்பர் விடுமுறையில் பேத்தி ஐதராபாத்துக்கு வந்தாள். வரும்போதே ஒரு சிறு பெட்டியும் கொணர்ந்தாள். “தாத்தா, உங்கள் ஏரிக்கரையில் நாமே ஒன்றை ஒளித்துவைப்போம்” என்றாள். மகிழ்ச்சியோடு டாங்க் பண்டுக்கு அழைத்துச் சென்றோம். 1986இல் நிறுவப்பட்ட பெருமக்களின் சிலைகள் வரிசையாக நின்றன. நீர்நடுவே புத்தர் நின்றார். ஒரு மரத்தின் வேர்களுக்கிடையே இருந்த பொந்தினைக் காட்டி, “இதுவே சரியான இடம்” என்று அவள் குனிந்தாள்.

நம் கை அவள் தோளைப் பற்றி நிறுத்தியது. சிந்தித்து நிறுத்தியதன்று, தானாகவே நிறுத்தியது.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் மாலையை இந்நகரத்தார் மறக்கமாட்டார். இதே ஏரியின் கரையிலுள்ள லும்பினி பூங்காவிலும், கோட்டியில் உள்ள தின்பண்டக் கடை ஒன்றிலும் குண்டுகள் வெடித்து 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வேளையில் பிள்ளைகள் எங்கே, உறவினர் எங்கே என்று தொலைபேசியைச் சுழற்றிச் சுழற்றி இணைப்புக் கிடைக்காமல் தவித்த குடும்பங்களுள் நம் குடும்பமும் ஒன்று. அன்று அவ்விடங்களில் யாரோ ஒருவன் ஒன்றை வைத்துச் சென்றான். அதுவும் முகமறியாதார்க்காக முகமறியாதான் வைத்துச் சென்றதே. அந்நாள் தொட்டு, ஆளின்றிக் கிடக்கும் பெட்டியோ பையோ கண்ணில் படின் இந்நகரத்தார் நெஞ்சம் ஒரு கணம் நின்று துடிக்கும்.

இதனைக் குழந்தைக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொன்னோம். அவள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர் கேட்டாள்: “அப்படியென்றால் இந்த ஊரில் யாரும் யாரையும் நம்ப மாட்டார்களா தாத்தா?”

காண்பவன் கண்

அவ்வினாவை எண்ணியவாறே இல்லம் திரும்பினோம். நம்பமாட்டார் என்று சொல்ல நாவெழவில்லை, அது பொய். நாற்பது ஆண்டுகளாக இந்நகரம் நம்மை நம்பியிருக்கிறது. மொழி தெரியாமல் வந்திறங்கிய நாளில் வீடு கொடுத்தவர், கடன் கணக்கில் அரிசி கொடுத்தவர் எல்லாரும் நம் முகம் அறியாதவர்களே. நம்புவர் என்று சொல்லிப் பெட்டியை மரப்பொந்தில் வைத்துவிட்டு வருவதும் ஆகாது; அது கொடுமை.

சிந்திக்கச் சிந்திக்க ஒன்று தெளிவாயிற்று. பெட்டியை வைக்கும்போது பேத்தி எண்ணியது அதைத் தேடிவரும் விளையாட்டுத் தோழரை. ஆனால் விடியற்காலையில் துடைப்பத்தோடு அவ்வேர்களைக் கூட்டவரும் பெண்மணியின் கண்ணிலேயே அது முதலில் படும். அவருக்கு விளையாட்டும் தெரியாது, எண்களும் தெரியாது. தெரிவது அச்சம் ஒன்றே. வைப்பவன் தன் நோக்கத்தை அறிவான். காண்பவனோ பொருளை மட்டுமே காண்பான். எனவே வைத்துச் செல்பவனின் முதற்கடமை, காண்பவனின் கண்ணால் ஒருமுறை தன் பொருளைப் பார்த்தல். நல்ல எண்ணம் மட்டும் ஒரு செயலை நல்லதாக்கிவிடாது.

அவ்விளையாட்டின் விதிகளும் இதனையே வலியுறுத்துகின்றன. நிலத்துக்கு உரியவரின் இசைவு பெறவேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைத்தல் கூடாது. அஞ்சத்தக்க பொருள்களும் உண்பொருள்களும் உள்ளே வைத்தலாகாது. விதி இட்டவர்கள் பிறர் கண்ணால் பார்த்தவர்கள் என்பது விளங்குகிறது.

நம் தமிழ்நாட்டுப் பாதைகளில் நின்ற சுமைதாங்கிக் கற்களை மூத்தோர் கண்டிருப்பர். செங்குத்தாக இரு கற்கள். மேலே குறுக்காக ஒரு கல். தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றிச் சுமையை இறக்கவும் மீண்டும் ஏற்றவும் ஏற்ற உயரம். கருவுற்ற நிலையில் மாண்ட பெண்ணின் நினைவாக அதனை நாட்டுவது வழக்கம். ஒரு குடும்பத்தின் ஆற்றொணாத் துயரம், வழிப்போக்கனின் தோள்வலிக்கு மருந்தாயிற்று. அதனை நாட்டியவர், சுமப்பவனின் கழுத்து எவ்வுயரத்தில் இருக்கும் என்று அளந்து நாட்டினர். கோடைநாளில் தெலுங்கர் அமைக்கும் சலிவேந்திரமும் நாம் அமைக்கும் தண்ணீர்ப் பந்தலும் ஒன்றே. பானை திறந்த வெளியில், எல்லாரும் காண நிற்கிறது; கண்டவர்க்கு அச்சம் இல்லை. வைத்தவர் யாரெனக் கேட்டு அருந்துவாரும் இல்லை.

அடுக்ககத்துப் பெட்டி

பேத்தியின் பெட்டிக்கு ஒரு வழி பிறந்தது. நம் அடுக்ககத்துச் சங்கத்தாரிடம் அவளே சென்று இசைவு கேட்டாள். உள்ளிருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் சம்படம் ஒன்றை வாங்கினோம். ‘எடுக்கலாம், எடுத்தால் ஒன்று வைக்கவும்’ என்று தமிழ், தெலுங்கு, உருது, ஆங்கிலம் ஆகிய நான்கிலும் எழுதி ஒட்டினாள். உருது எழுத்துகளை எதிர்வீட்டு ஆசிரியை எழுதிக் கொடுத்தார். தோட்டத்து வேப்பமரத்தடியில், வாயிற்காவலரும் அறிய, அது வைக்கப்பட்டது. முறைப்படி பதிவு செய்த பெட்டியன்று. ஒரு குழந்தையின் பெட்டி. முதலில் கண்டெடுத்தவன் காவலரின் மகன். பென்சிலை எடுத்துக்கொண்டு ஒரு கோலிக்குண்டை வைத்தான். குறிப்பேட்டில் தெலுங்கில் தன் பெயரை எழுதினான்.

பேத்தி ஊர் திரும்பிய பத்தாம் நாள் பெட்டி வெறுமையாகக் கிடந்தது. குறிப்பேடு மட்டுமே எஞ்சியிருந்தது.

இங்கும் ஓர் உண்மையை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வெறும் பெட்டியைக் கண்டவுடன் நம் ஐயம் யார்மீது சென்றது? அடுக்ககத்தில் அறுபது குடும்பங்கள். வசதி படைத்த பிள்ளைகள் பலர். ஆயினும் நம் மனம் நேரே காவலரின் மகன்மீது சென்று நின்றது. அவனிடம் சான்று ஏதும் இருந்ததா? இல்லை. அவன் ஏழை என்பதன்றி வேறு காரணம் இல்லை.

அன்று மாலை அவனே ஓடிவந்தான். கண்கள் கலங்கியிருந்தன. “தாத்தகாரு, நா கோலீ கூடா போயிந்தி” என்றான். தன் கோலியும் போய்விட்டதே என்ற அவன் துயரத்தின் முன், நம் படிப்பும் வயதும் தலைகுனிந்து நின்றன. நாம் ஒருவரும் அறியாமல் நெஞ்சுக்குள் செய்த திருட்டு அது. ஒரு சிறுவனின் நற்பெயரைக் கவர எண்ணிய திருட்டு. கைஜீஸின் மோதிரம் தனியே எதற்கு? ஒவ்வொருவர் மனமும் பிறர் காணாத இடந்தானே!

பாட்டியார் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் சில மணிமாலைகளையும் இரண்டு பென்சில்களையும் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தார். சிறுவன் இன்னொரு கோலியை வைத்தான். நாம் அந்தப் பேனாவை வைத்தோம். முன்பு எடுத்தவர் யாரென இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. வைத்துச் செல்பவன் எடுப்பவனின் நேர்மையை உறுதிசெய்துகொண்டு வைப்பதில்லை. உறுதி கிடைத்தபின் வைப்பது வாணிகம்.

நமக்கு முன் வைத்தவர்கள்

இப்போது மீண்டும் ஏரிக்கரைக்கு வருவோம். உசேன் சாகர் 1562–63ஆம் ஆண்டுகளில், இபுராகிம் குலி குதுப் ஷாவின் ஆட்சியில், உசேன் ஷா வாலியின் மேற்பார்வையில் எழுந்தது. ஐதராபாத் நகரம் நிறுவப்பட்டதோ 1591இல். ஊர் தோன்றுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே அதன் நீர் தோன்றிவிட்டது! கரைக்கு மண் சுமந்த கூலியாட்களுள் எவரும், இங்கொரு பெருநகரம் எழும் என்றோ, பல நூற்றாண்டுக்குப்பின் தமிழ் பேசுவோர் சிலர் இக்கரையில் காற்று வாங்குவர் என்றோ அறிந்திலர். அறியாமலே வைத்துச் சென்றனர். ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், உலகை விரும்பும் பேரறிவாளனின் செல்வத்தை ஊரார் உண்ணும் நீர் நிறைந்த குளத்தோடு ஒப்பிட்டார். இந்நகரமே அவ்வுவமையின் கரையில் அமர்ந்திருக்கிறது.

அந்நீரை நகரம் நெடுங்காலம் பருகியது. ஈடாக என்ன வைத்தது? ஆலைக் கழிவையும் சாக்கடையையும் வைத்தது. அதில் நம் இல்லங்களின் பங்கும் உண்டு. எடுத்தது குடிநீர், வைத்தது கழிவுநீர். கடற்கரையில் செல்லாத நாணயத்தை நீட்டிய கையும், ஏரியில் கழிவைக் கலந்த கையும் ஒன்றே எனக் கூறின் மிகையாகாது.

அதே ஏரியில் நல்லீடும் உண்டு. எஸ். எம். கணபதி ஸ்தபதியின் தலைமையில் ஒரே கல்லில் செதுக்கப்பட்ட புத்தர் சிலை, 1990ஆம் ஆண்டு மார்ச்சு 10ஆம் நாள் நீரைக் கடக்கும்போது படகு சாய்ந்து ஏரியுள் வீழ்ந்தது. உடனிருந்தோர் பலர் உயிரிழந்தனர். இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாக நீரின் அடியில் எவர் கண்ணுக்கும் புலப்படாமல் கிடந்து, 1992 டிசம்பரில் மேலெடுத்து நிறுத்தப்பட்டது. தமிழ்ச் சிற்ப மரபின் உளியொலி அக்கல்லில் உறைந்திருக்கிறது. அதனைக் காணும் இலட்சக்கணக்கானோர் செதுக்கிய கைகளை அறியார். சிலையோடு மூழ்கியவர்களையும் அறியார். அறியாவிடினும் கண்டு அமைதி பெறுகின்றனர்.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுள் பெரும்பாலானவை இந்நகரிலிருந்து எடுத்துக்கொண்டவை. வேலையை எடுத்தோம், வீட்டை எடுத்தோம், பிள்ளைகளின் கல்வியை எடுத்தோம். பத்மாராவ் நகரிலும் மாரெட்பள்ளியிலும் நமக்கு முன்வந்து தங்கிய தமிழர் கோயிலையும் சங்கத்தையும் நூல்களையும் நமக்கென வைத்துச் சென்றமையால், வந்த அன்றே நாம் முற்றும் அயலாராக நிற்கவில்லை. நம் பிள்ளைகளோ இன்று வேறு கடற்கரைகளைத் தேடிச் செல்கின்றனர். நம்முள் பலர் ஒருநாள் அவர்களுடன் போய்விடுவோம். பூட்டிய வீட்டையும் விற்ற மனையையும் தவிர, இந்நகரில் நாம் வைத்துச் செல்வது என்ன?

பெரியதொன்றும் வேண்டுவதில்லை. தெலுங்குச் சிறுவன் ஒருவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த மாலைகள் போதும். தெருவோரத்தில் நட்டு நீரூற்றிய ஒரு மரம் போதும். சங்கத்து நூலகத்தில் படித்து முடித்து, பிரிய மனமில்லாமல் வைத்த ஒரு நல்ல நூல் போதும். ஆனால் அது நமக்கு வேண்டாத ஒன்றாக இருத்தலாகாது. காண்பவரை அச்சுறுத்துவதாகவும் இருத்தலாகாது. எடுப்பவர் யாரெனக் கேட்பதாகவும் இருத்தலாகாது.

சென்ற வாரம் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். அக்கடற்கரைப் பெட்டியை மீண்டும் சென்று பார்த்தாளாம். பாட்டியின் அரக்கு வளையல் அங்கு இல்லை. யாரோ எடுத்துச் சென்றிருக்கிறார்கள். எந்த நாட்டில், எந்தக் குழந்தையின் கையில் அது இப்போது இருக்கிறதோ! அதன் இடத்தில் ஒரு சிறு மரப்பொத்தான் இருந்ததாம். “நான் அதை எடுக்கவில்லை தாத்தா, அடுத்தவர் வந்து பார்க்கட்டும் என்று அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்” என்றாள்.

நாம் அவளுக்கு ஏதும் கற்றுக்கொடுத்ததாக நினைவில்லை. அவள் வழியாக நாம் கற்றதைத்தான் இங்கு வைத்துச் செல்கின்றோம். விரும்புவோர் எடுத்துக்கொள்க; இயலுமாயின் ஈடாக ஒன்றை வைத்துச் செல்க.